வடக்கு முகம்

வரைபடத்தில் வடக்குச் சுவர் மொட்டை.
தெற்கே மட்டும்
ஆளுயரக் கான்கிரீட் துடுப்புகள் பதினாறு,
நிழலுக்காக.
நீலத்தாளின் ஓரத்தில் அழகான கையெழுத்து:
'வடக்கே வெயில் வராது.'

எந்த ஊர் வடக்கு அது?

ராயபுரத்தில்
சித்திரை பதினொன்று வாக்கில்
குடியிருப்பு வாசல் கொடிக்கம்பம்
உச்சி வேளையில் தன் நிழலைத் தானே விழுங்கும்.
மறுநாள் முதல் சூரியன்
எங்கள் தலையைத் தாண்டிப் போய்
தண்டையார்பேட்டைப் பக்கம் நின்றுகொள்ளும்,
ஆவணி பிறக்கும்வரை.
கத்திரி மொத்தமும் அந்தச் சுவருக்குத்தான்.
துடுப்புகள் தெற்கே சும்மா நிற்கும்,
தேதி மாறிக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல.

நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது.
கூரையின் விளிம்பு ஒரே இழுப்பில் ஓடுகிறது.
வரைந்தவருக்கு நேர்கோடு பிடித்திருக்கிறது.
எனக்கும் பிடிக்கும்.

நான் வந்தது
'முகப்பு ஆக்கிரமிப்பு அகற்றல்' கோப்போடு.
கையில் வெப்பத் துப்பாக்கி.
"சுட்டுறாதம்மா, இந்த மாச வாடக கட்டிட்டேன்"
கையைத் தூக்கினார் எத்திராஜுலு.

வெறும் சுவர்: ஐம்பத்தொன்று.

மூன்றாம் மாடி ஃபிலோமினா வீட்டில்
நாலு மடிப்பாய் மூங்கிலில் தொங்குகிறது
இழுவை வலை.
தடைக்காலம். போட்டு கரையில்,
வலை சுவரில், புருஷன் கட்டிலில்.
பின்னால் சுவர்: நாற்பத்திரண்டு.
மறுபடி அழுத்திப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டுதான்.
கொஞ்சம் கருவாட்டு வாசனை. அதற்கு மீட்டர் இல்லை.

முதல் மாடியில் ஃப்ளெக்ஸ்.
வெள்ளைப் பக்கம் வெளியே.
உள்ளே, சமையற்கட்டைப் பார்த்தபடி
யார் வீட்டு மணமகளோ
மூன்று வருஷமாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நூருன்னிசா கோணிச்சாக்கை நனைப்பது இரண்டு மணிக்கு,
கடல்காற்று வந்தால்.
வராத நாளில் நனைப்பதில்லை.
"தண்ணி தண்டம்" என்றாள்.

துறைமுகத்தில் வெல்டிங் செய்கிற தனகோடி
எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி
பன்னிரண்டு பட்டையாய்க் கோத்திருக்கிறான்.
சைக்கிள் கம்பியை இழுத்தால்
அத்தனையும் ஒன்றாய்த் திரும்புகின்றன.
"எவ்வளவு சாய்க்கணும்னு எப்படித் தெரியும்?"
"கொழந்த மூஞ்சில வெயில் விழாத வரைக்கும்."
இதை எந்தப் பத்தியில் எழுத?

படிவத்தில் 'ஆக்கிரமிப்பின் தன்மை' உண்டு.
'அளவு' உண்டு.
'முகப்பின் அழகுக்கு ஏற்பட்ட சேதம்' உண்டு.
உள்ளே ஆள் இருப்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

எங்கள் மண்டல அலுவலகம் கண்ணாடி.
போன வருஷம் விருது வாங்கியது.
மேற்கே உட்காருகிற நாங்கள்
பசை காய்ச்சித் தினத்தாள் ஒட்டியிருக்கிறோம்.
மதியம் மூன்றரைக்கு
பழைய செய்தியெல்லாம்
தலைகீழாய் என் மேசையில் விழும்.
அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று எழுதவில்லை.

அகற்றும் நாள் என்ன போடட்டும்?
"ஆனி ஒண்ணு போடு" என்றாள் ஃபிலோமினா.
"தடைக்காலம் முடிஞ்சி வல தானா கடலுக்குப் பூடும்.
ஒனக்கும் வேல மிச்சம்."
"அதுக்கப்புறம்? ஆவணி வரைக்கும் வெயில் இருக்கே?"
"அதுக்கப்புறம் வேர்க்கும்."

நாற்பத்தெட்டு வீட்டு எண்களையும் எழுதினேன்.
தன்மை: நிழல்.
அளவு: ஒன்பது டிகிரி.
சேதம்: கோடு போட்டுவிட்டேன்.
தனகோடியின் பட்டைகளை மட்டும்
வரைந்தே காட்டினேன், கம்பியோடு.
அவன் எட்டிப் பார்த்து
"கோணல் தப்பு" என்று பேனாவை வாங்கிக்கொண்டான்.

பிறகு அந்த நீலத்தாளை மறுபடி விரித்து
'வராது'வில் பின்பாதியை அடித்து
மேலே 'ரும்' என்று எழுதினேன்.
பென்சிலால்தான்.
அழிக்க நினைப்பவர்
ஒரு மே மாதப் பகலில்
இங்கே வந்து நின்று அழிக்கட்டும்.